உடம்பு குறைக்கிறேன்னு நாம பண்ற தப்புகள், சிங்கப்பூர்ல இருக்கவங்களுக்காக

வெயிட் குறைக்கணும்னு முடிவு பண்ண உடனே நம்மாளுங்க முதல்ல கை வைக்கிறது சோத்துல தான். நாளையில இருந்து சோறு கிடையாது, ராத்திரி வெறும் ஓட்ஸ் கஞ்சின்னு சொல்லிட்டு ரெண்டு வாரம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருப்பாங்க, அப்புறம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பசி தாங்காம புரோட்டா கடையில போய் உக்காந்துருவாங்க. மறுநாள் எனக்கு மனசுல உறுதியே இல்லன்னு தன்னையே திட்டிக்கிறது. உறுதி இல்லாம இல்லங்க, ஒரு வருஷம் தொடர்ந்து செய்ய முடியாத ஒண்ண ஆரம்பிச்சதுல தான் கோளாறு.

இதுல இன்னொரு ஏமாத்தமும் இருக்கு. சோத்த சட்டுன்னு நிறுத்துனா முதல் வாரத்துலயே தராசு ரெண்டு கிலோ குறைச்சுக் காட்டலாம், பாத்து சந்தோசப்படுவோம், ஆனா அதுல பெரும்பகுதி தண்ணி. உடம்பு மாவுச்சத்த கிளைகோஜனா சேத்து வைக்கும்போது கூடவே தண்ணியையும் பிடிச்சு வைக்கும், அது செலவானா தண்ணியும் போயிரும், திரும்ப சோறு சாப்பிட்டா திரும்ப வந்துரும். இது தெரியாம "என் உடம்புவாகே அப்படித்தான்"னு பாதியில விடறவங்க நிறைய பேரு. வாரத்துக்கு அரை கிலோல இருந்து ஒரு கிலோ குறைஞ்சாலே நல்ல வேகம். பட்டினி கிடந்து வேகமா குறைச்சா தசை கரையும், முடி கொட்டும், பித்தப்பையில கல்லு கூட வரலாம்.

சரி, சோத்துல கை வைக்காம வேற எதுல கை வைக்கிறதுன்னு கேட்டா, என் பதில் டீ, காப்பி விக்கிற தண்ணி கடை. சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்களுக்கு கண்ணுக்குத் தெரியாம சீனி உள்ள போற வழி அது தான். காப்பிக்கடையில சும்மா "தே" (டீ)ன்னு சொன்னா டின் பால் ஊத்தித் தருவாங்க, அந்த டின் பால்ல ஏறக்குறைய பாதி சீனி. "தே ஓ"ன்னா பால் இருக்காது, ஆனா சீனி உண்டு, இத ரொம்ப பேரு சீனி இல்லாததுன்னு நினைச்சுக் குடிக்கிறாங்க. "சியூ டாய்"னா சீனி கம்மி, "தே ஓ கோசோங்"னா பாலும் இல்ல சீனியும் இல்ல, பால் இல்லாம தொண்டையில இறங்காதுன்னா "தே சி கோசோங்" கேளுங்க, ஆவியாக்கின பால் மட்டும் ஊத்துவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு கிளாஸ்ல நாலு டீஸ்பூன் சீனி அளவுக்கு இருந்து ஒரு நாளைக்கு மூணு கிளாஸ் குடிச்சா பன்னெண்டு டீஸ்பூன், ஒரு டீஸ்பூனுக்கு 20 கலோரின்னாலும் 240 கலோரி ஆச்சு, வயிறு மட்டும் நிறையவே இல்ல. பண்டங், ஐஸ் மைலோ பத்தி தனியா சொல்லணுமா. டின், பாட்டில் பானங்கள்ல 2022 டிசம்பர் கடைசியில இருந்து நியூட்ரி கிரேட் எழுத்து போடுறாங்க, சீனி, கொழுப்பு அளவ வச்சு ஏல இருந்து டி வரைக்கும், டி தான் மோசம், 2023 கடைசியில இருந்து கடையில போட்டுத் தர்ற பானங்களுக்கும் வந்துருச்சு, ஆனா எல்லா சின்னக் கடையிலயும் அத பாக்க முடியாது. 100 மில்லில 10 கிராமுக்கு மேல சீனி இருந்தா டி. டி போட்ட டின்ன எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. தங்குவிடுதியில இருக்க தம்பிங்களுக்கு கேட்டரிங் சாப்பாட்ட மாத்த வழி இல்ல, அது எனக்கும் புரியுது, ஆனா அந்த த்ரீ இன் ஒன் காப்பி பாக்கெட் உங்க கையில தான் இருக்கு, அதுல பாதிக்கு மேல சீனியும் க்ரீமரும் தான், காப்பித் தூள் கொஞ்சூண்டு.

ஒரேயடியா எல்லாத்தையும் நிறுத்த வேணாம். இந்த மாசம் சியூ டாய், அடுத்த மாசம் கோசோங், நாக்கு பழகிக்கும்.

அடுத்தது எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்னா சுமார் 120 கலோரி, அது நெய்யோ நல்லெண்ணெயோ ஆலிவ் ஆயிலோ பெரிய வித்தியாசம் இல்ல. புரட்டாசி மாசம் சைவம் தானே சாப்பிட்டேன், ஏன் எடை ஏறுச்சுன்னு கேப்பாங்க, இலையில வடை, அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், பாயாசம்னு போனா சைவம்னாலும் ஏறத்தான் செய்யும். தேக்கால சாப்பிடும்போது குழம்ப சோத்து மேல ஊத்தாம தனிக் கிண்ணத்துல கேளுங்க. சோத்த வெறுக்கத் தேவையே இல்ல, சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்ற தட்டு கணக்கு எனக்குப் பிடிச்சது, பாதித் தட்டு காய்கறி பழம், கால் தட்டு முழுதானியச் சோறோ சப்பாத்தியோ, கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு, டோஃபு மாதிரி. நம்ம வீட்டுத் தட்டுல முக்கால்வாசி சோறு, ஓரத்துல ரெண்டு ஸ்பூன் பொரியல், அது தான் மாறணும். பழுப்பரிசிக்கு மாறிட்டா எவ்வளவு வேணா சாப்பிடலாம்னு நினைக்காதீங்க, நார்ச்சத்து கூட இருக்கு, நல்லது தான், ஆனா கலோரி கிட்டத்தட்ட அதே தான்.

உடற்பயிற்சிக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட்ல ஒரு நடை நடந்துட்டு அப்படியே போய் பிரியாணி சாப்பிடறது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம். அரை மணி நேரம் வேகமா நடந்தா பெரும்பாலானவங்களுக்கு 150 கலோரி அளவுக்குத் தான் செலவாகும், ஒரு தட்டு பிரியாணி அத விட பல மடங்கு. அதனால பயிற்சிய மட்டும் நம்பி எடை குறைக்கிறது கஷ்டம், ஆனா குறைஞ்ச எடை திரும்பி வராம பாத்துக்க பயிற்சி ரொம்ப உதவும், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தனியா நல்லது. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷத்துல இருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அது கூட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. இந்த ரெண்டாவது பகுதிய தான் எல்லாரும், குறிப்பா நம்ம அக்காமாரு, விட்டுடறாங்க. புளோக் கீழ இருக்க உடற்பயிற்சி மூலை போதும், வீட்டுல நாற்காலியில உக்காந்து எந்திரிச்சா கூட போதும். முஸ்தஃபாக்குள்ள சாமான் பாத்துக்கிட்டே பத்தாயிரம் அடி நடக்கறதும் மூச்சு வாங்க அரை மணி நடக்கறதும் ஒண்ணு இல்ல, பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கிட்டு வேர்த்தா கொழுப்பு கரையும்னு இந்த வெக்கையில ஓடறது ஆபத்து, போறது தண்ணி மட்டும் தான். தொப்பைக்குன்னு தனியா கொழுப்பக் கரைக்கிற பயிற்சியும் கிடையாது.

மருந்து விஷயத்துல நான் கண்டிப்பா தான் சொல்லுவேன். ஆன்லைன்ல, தெரிஞ்சவங்க மூலமா வர ஸ்லிம்மிங் காப்பி, மாத்திரை எதையும் வாங்காதீங்க. சுகாதார அறிவியல் ஆணையம் இந்த மாதிரி பொருள்கள்ல பசிய அடக்குற சிபுட்ரமின் கலந்திருக்குன்னு திரும்பத் திரும்ப எச்சரிச்சிருக்காங்க, 2010ல இருந்து இங்க தடை பண்ண மருந்து அது, மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க டாக்டர் கிட்ட கேக்காம வேளைச் சாப்பாட்ட விடாதீங்க, சர்க்கரை திடீர்னு இறங்கி மயக்கம் வரலாம். ஆசியர்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியான்னு பாக்குற கணக்கு, 23 தாண்டுனாலே கவனிக்கணும், 27.5 தாண்டுனா ஆபத்து அதிகம், இடுப்புச் சுத்தளவு ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80க்குள்ள இருக்கணும். ஒல்லியா தெரிஞ்சாலும் வயித்துல மட்டும் கொழுப்பு சேர்றது நம்ம இனத்துல அதிகம், அதனால தராசு நம்பர மட்டும் பாத்து நிம்மதியா இருந்துராதீங்க. 40 வயசும் அதுக்கு மேலயும் ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்கத்தோட ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்துல சேந்தா முதல் ஆலோசனைக்கு காசு கிடையாது, போகும்போது இடுப்பையும் அளந்து எழுதிக்கச் சொல்லுங்க.