சீமைக்கருவேல மிலாறைக் கரியாக்கி ஹாலோ பிளாக்கில் சேர்ப்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டினால் பருமனான கட்டையெல்லாம் கரிமூட்டத்துக்குப் போய்விடும், அதற்கு விலை இருக்கிறது. முள்ளும் மிலாறும் (மெல்லிய சிறு கிளைகள்) விலைபோகாது. கண்மாய்க் கரையிலேயே குவித்துத் தீ வைத்துவிடுகிறார்கள். மரம் வருடக்கணக்காகக் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த கார்பன் கொஞ்ச நேரத்தில் புகையாகத் திரும்பிப் போகிறது. ஹாலோ பிளாக் பட்டறை நடத்தும் எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்த மிலாறைக் கரியாக்கி பிளாக்குக்குள் போட்டால் கார்பன் அங்கேயே தங்கிவிடும், கொஞ்சம் சிமெண்டும் மிச்சமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நமக்கு வேண்டியது கரி, சாம்பல் அல்ல. சாம்பலாகிவிட்டால் கார்பன் போய்விட்டது என்று அர்த்தம். தவிர, மரச்சாம்பலில் பொட்டாசியம் அதிகம். அந்தக் காரம் சில வகை ஜல்லியோடு வினைபுரிந்து கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்கவைக்கும்.

மரத்தைக் காய் பழுக்கும் முன்பே வெட்டுங்கள். பழுத்த நெற்று விறகோடு சேர்ந்து வந்தால், பட்டறையைச் சுற்றி மேயும் ஆடு தின்று, புழுக்கை விழும் இடமெல்லாம் கன்று முளைக்கும். தூரையும் தோண்டி எடுக்க வேண்டும். தரைமட்டத்தோடு அறுத்துவிட்டால் மறுபடி துளிர்த்துவிடும்.

சாதாரண மூட்டம் போட வேண்டாம். மண்ணுக்குள் புகைந்து வேகும்போது மீத்தேன் நிறைய வெளியேறும், நாம் மிச்சப்படுத்துவதை அதுவே தின்றுவிடும். மேலே ஐந்தடி அகலம், மூன்றடி ஆழத்தில் கூம்பாகக் குழி வெட்டுங்கள். நன்றாகக் காய்ந்த மிலாறை அடுக்கி உச்சியில் தீ வையுங்கள். தீ மேலே நின்று எரிய வேண்டும். அடியிலிருந்து வரும் வாயு அந்தத் தழலிலேயே எரிந்துவிடுவதால் புகை அவ்வளவாக இருக்காது. கரிமேல் வெள்ளைச் சாம்பல் பூக்க ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். பொறுத்திருந்தால் சாம்பல்தான் கிடைக்கும், அவசரப்பட்டால் புகையும். இந்தக் கண்பதம் பழகப் பழகத்தான் வரும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுக்க அணைத்துவிடுங்கள். மண்ணைப் போட்டு மூடாதீர்கள், களிமண் கலந்த கரி கலவைக்கு ஆகாது. காய்ந்த மிலாறில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடை கரியாகக் கிடைக்கும்.

அணைக்கும் தண்ணீரைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் யோசிக்க வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு கரியிலேயே தங்கிவிடும். கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அது கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு மட்டும். கம்பி இருந்தால் 500தான். போர் தண்ணீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கரியை ஓரிரு முறை அலசி, சாம்பலை வடித்து, நிழலில் உலர்த்துங்கள். அரைக்கச் சீயக்காய் அரைக்கும் மில்லே போதும். ஆனால் எலும்பாகக் காய்ந்த கரியைக் கொட்டக் கூடாது. தூசி தீப்பிடிக்கும், நெஞ்சுக்கும் கேடு. லேசான ஈரப்பதம் இருக்கட்டும், முகக்கவசமும் கட்டாயம். அரைத்ததை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். மை போல வழுக்க வேண்டும். நறநறவென்றால் திரும்ப ஓட்டுங்கள்.

அப்புறம் ஊறவைப்பது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உலர்ந்த கரித்தூளை மிக்ஸரில் கொட்டினால் சிமெண்டுக்குச் சேர வேண்டிய தண்ணீரை அது குடித்துவிடும். கலவை வறண்டு உதிரும். தூளும் மேலே மிதந்து பிளாக் முகத்தில் கறுப்புத் திட்டாகப் படியும். முதல் நாள் இரவே வாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்து வைத்துவிட்டு, காலையில் கூழாகவே ஊற்றுங்கள். அந்த வாளித் தண்ணீரையும் கணக்கில் சேர்த்து மீதியைக் குறைத்துவிடுங்கள். கரி உறிஞ்சிய நீர் பின்னால் மெதுவாகக் கசிந்து உள்ளேயே பதப்படுத்தும், வெயில் ஊரில் அது நல்ல உதவி. அதற்காக மேலே தண்ணீர் காட்டாமல் இருந்துவிடக் கூடாது. 14 நாளும் நனைக்க வேண்டும்.

அளவு: 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு உலர்ந்த எடையில் ஒரு கிலோவில் தொடங்குங்கள், அதே எடைக்குச் சிமெண்டைக் குறையுங்கள். ஒன்றரை கிலோ வரை நான் போகிறேன். இரண்டரையைத் தாண்டினால் பலம் இறங்கும். ஆசைப்பட வேண்டாம். ஒரு மூட்டை ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்ட் தயாராவதற்குள் சுமார் 40 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஒரு கிலோ நல்ல கரி ஏறக்குறைய இரண்டரை கிலோவைப் பிடித்து வைக்கிறது. ஒன்றரை கிலோ கரியும், குறைந்த சிமெண்டும் சேர்த்தால் மூட்டைக்கு ஐந்து கிலோ, அதாவது எட்டில் ஒரு பங்கு மிச்சம். வெட்டுவதற்கும் அரைப்பதற்கும் ஆகும் டீசல், கரண்டை இதில் கழித்துக்கொள்ளுங்கள்.

விற்கும் முன் 28 நாள் கழித்து, கரி போட்டதையும் போடாததையும் பக்கத்து பாலிடெக்னிக்கிலோ இன்ஜினியரிங் கல்லூரியிலோ நசுக்கிப் பாருங்கள். நீர் உறிஞ்சுதலைப் பட்டறையிலேயே பார்க்கலாம். 24 மணி நேரம் ஊறிய பிளாக்கை ஈரம் துடைத்து எடை போட்டு, பிறகு அடுப்பில் முழுக்க உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். ஏற்றம் உலர்ந்த எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட் பிளாக்குக்கான தர விதி ஐ.எஸ். 2185.

காம்பவுண்டுச் சுவர், தடுப்புச் சுவர், ஆட்டுக் கொட்டகை இதற்கெல்லாம் தாராளமாகக் கொடுங்கள். ரூஃப், பீம், காலம் பக்கம் இந்தக் கலவையைக் கொண்டுபோகாதீர்கள். பிளாக் வழக்கத்தைவிடச் சற்றுக் கறுத்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாங்குகிறவரிடம் சொல்லியே லோடு ஏற்றுங்கள்.