சீஸ் துண்டும் அச்சாறு வில்லையும் பொரிப்பது எப்படி: முதல் தடவை செய்வோருக்கு

சீஸை ரஸ்க் தூளில் புரட்டி அப்படியே எண்ணெயில் போட்டால் கோது மேலே மிதக்கும், சீஸ் தாச்சிக்கு அடியில் கருகிக் கிடக்கும். அச்சாறுக் காயைப் பொரித்தால் மா ஒரு பக்கம், காய் ஒரு பக்கமாகப் பிரிந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே பிழைபோலத் தெரியும். காரணம் வேறு வேறு. சீஸைக் கெடுப்பது சூடு. அச்சாறைக் கெடுப்பது ஈரம். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து அடுப்படிகளில் இரண்டுக்கும் குறைவில்லை என்பதால், குளிரான நுவரெலியாவில் இருந்து எழுதப்பட்ட குறிப்பை அப்படியே பின்பற்றினால் சரிவராது.

இங்கே சொல்லும் அளவு நாலைந்து பேருக்குப் போதும். கோப்பை என்றால் 240 மில்லிலீற்றர், தேக்கரண்டி 5, மேசைக்கரண்டி 15.

எந்தச் சீஸ்?

முதல் தடவைக்கு உருகாத சீஸை எடுங்கள், அதாவது பனீர். பாலைத் தேசிப்புளி விட்டுத் திரைய வைத்து எடுப்பதால் அதன் அமைப்பு மொசரல்லாவைப் போலச் சூட்டில் இளகி ஓடாது. எண்ணெயில் மூன்று நிமிடம் கிடந்தாலும் வடிவம் மாறாது. பிரீசர் தேவையில்லை, பதற்றமும் இல்லை. மாத்தோய்ப்பையும் எண்ணெயின் சூட்டையும் கைக்குப் பழக்கிக்கொண்ட பிறகு உருகும் சீஸுக்குப் போகலாம். முதல் நாளே மொசரல்லாவில் தொடங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். அது மலிவான பொருள் அல்ல.

உருகும் சீஸ் வேண்டுமென்றால் கட்டியாக விற்பதை வாங்குங்கள். பெட்டியில் வரும் பதப்படுத்திய சீஸ் கட்டி பொரிப்பதற்கு நல்லது. அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதால், சூட்டில் இளகுமே தவிர எண்ணெய் கக்காது. மொசரல்லா நூல்போல இழுபடும், ஆனால் சீக்கிரம் ஓடும். முக்கோணத் துண்டுகளாக வரும் பூசும் சீஸ் இதற்கு உதவவே உதவாது, ஈரம் கூட. பாணுக்குள் வைக்கும் மெல்லிய சீஸ் தாளும் அப்படித்தான்.

சீஸ் திரைவதற்குச் சேர்க்கும் ரெனட் சிலவேளை விலங்கிலிருந்து எடுக்கப்படுவது. மரக்கறி மட்டும் உண்பவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துத்தான் வாங்க வேண்டும். தேசிப்புளியில் வீட்டில் செய்த பனீருக்கு அந்தக் கேள்வியே இல்லை.

பனீர் செய்தல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கமிருந்து வரும் பசும்பால் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. எருமைப்பாலில் கொழுப்பு கூட என்பதால் பனீரும் கூட வரும், மென்மையாகவும் இருக்கும். ஒரு லீற்றர் பசும்பாலில் 150 முதல் 180 கிராம்வரை எதிர்பார்க்கலாம்.

1. ஒரு லீற்றர் பாலைக் கிளறிக் கிளறிக் கொதிக்க வையுங்கள். பொங்கியதும் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள்.
2. தேசிப்புளி 2 மேசைக்கரண்டியோடு அதேயளவு தண்ணீர் கலந்து, கரண்டி கரண்டியாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். கட்டி கட்டியாகப் பிரிந்து, தண்ணீர் இளம்பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்தவுடன் புளி விடுவதை நிறுத்துங்கள். தண்ணீர் இன்னும் பால் நிறமாக இருந்தால் அரைக் கரண்டி கூட்டலாம். தேவைக்கு மேல் விட்டால் பனீர் ரப்பர்போல இறுகிவிடும்.
3. வெள்ளைத் துணியில் வடித்து, பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றிப் புளிப்பைக் கழுவுங்கள். உப்பு அரைத் தேக்கரண்டி தூவிக் கையால் கலந்துவிடுங்கள்.
4. துணியை முறுக்கிப் பிழிந்து, தட்டையாக மடித்து, மேலே மூன்று லீற்றர் தண்ணீர் நிறைத்த சட்டியை வையுங்கள். அம்மிக்குழவியும் போதும். ஒன்றரை மணி நேரம்.
5. பிறகு ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் பொடிந்துபோகும்.

ஒன்றரை சென்ரிமீற்றர் தடிப்பிலும் ஆறு சென்ரிமீற்றர் நீளத்திலும் வெட்டுவது கைக்கு வசதி. 200 கிராம் சீஸ் கட்டியில் 13, 14 துண்டு வரும். அதைவிடத் தடிப்பாக வெட்டினால் வெளிப்புறம் சிவக்கும்போது நடுப்பகுதி குளிராகவே இருக்கும்.

அச்சாறு

போத்தலில் விற்கும் கெர்க்கினை வட்டமாக அரிந்து பாவிக்கலாம். சந்தையில் சலாதுக்கு வாங்கும் பிஞ்சுக் கெக்கரிக்காயில் வீட்டிலேயே போடுவது இன்னும் மலிவு, காரமும் உங்கள் விருப்பம்.

கெக்கரிக்காய் 300 கிராம் எடுத்து ஆறு மில்லிமீற்றர் வட்டங்களாக வெட்டி, உப்பு ஒரு தேக்கரண்டி பிரட்டி அரை மணி நேரம் விடுங்கள். விட்ட தண்ணீரைக் கொட்டி, காயை உடையாமல் பிழியுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்த்தால் அச்சாறு வெறும் புளித்த கெக்கரிக்காய்தான். பொரிக்கும்போது உள்ளே நீர் கொதித்து மாவைத் தள்ளிவிடும்.

வினாகிரி 1 கோப்பை, தண்ணீர் அரைக் கோப்பை, உப்பு 2 தேக்கரண்டி, சீனி 2 தேக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, தட்டிய உள்ளி 3 பல், கீறிய கொச்சிக்காய் 2, பத்து மிளகு. எல்லாவற்றையும் ஒருமுறை கொதிக்க விட்டு, நன்றாக ஆறிய பிறகு காயின்மேல் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் காய் அவிந்து மொறுமொறுப்பு போய்விடும். தென்னை வினாகிரியானால் வாசம் நன்றாக இருக்கும். ஒரு நாள் ஊறட்டும். இது பிரிட்ஜில் வைக்கும் அச்சாறு, இரண்டு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். வெளியில் அலுமாரியில் வைப்பதற்கு இந்தப் புளிப்பு போதாது.

மலே அச்சாறு வீட்டில் இருந்தால் சின்ன வெங்காயத்தையும் கரட்டையும் பொறுக்கிப் பொரிக்கலாம். பேரீச்சம்பழத்தை விட்டுவிடுங்கள், இனிப்புக் கூட என்பதால் நிமிடத்தில் கருகும். தெருவில் விற்கும் அன்னாசி அச்சாறு சரிவராது. சாறு வடிந்துகொண்டே இருக்கும். எண்ணெய் ஊற்றிய தேசிக்காய் ஊறுகாயிலும் மா ஒட்டாது. அப்படிப்பட்ட ஊறுகாய்தான் இருக்கிறது என்றால் வேறு வழி ஒன்று உண்டு: அவித்து மசித்த உருளைக்கிழங்கு 150 கிராம், துருவிய சீஸ் 150 கிராம், பொடியாக அரிந்து பிழிந்த ஊறுகாய் 2 மேசைக்கரண்டி. மூன்றையும் பிசைந்து தேசிக்காயளவு உருட்டி, கட்லட்டுக்குச் செய்வதுபோலவே தோய்த்துப் பொரியுங்கள். உப்புச் சேர்க்காதீர்கள், ஊறுகாயில் இருப்பதே அதிகம்.

மாக்கரைசலும் தூளும்

புரட்டுவதற்குக் கோதுமை மா அரைக் கோப்பை. கரைசலுக்குக் கோதுமை மா 1 கோப்பை, வறுக்காத அரிசிமா கால் கோப்பை, மஞ்சள் கால் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, பிரிட்ஜில் குளிரவைத்த தண்ணீர் ஏறத்தாழ 220 மில்லிலீற்றர். விரலைத் தோய்த்து எடுத்தால் தோல் தெரியாமல் மூடியிருக்க வேண்டும், சொட்டு மெதுவாக விழ வேண்டும். மொறுமொறுப்பு தருவது அரிசிமா. கோதுமை மாவில் மட்டும் செய்தால் ஆறிய உடனே வதங்கிவிடும். நிறையக் கலக்காதீர்கள், சிறு கட்டிகள் இருந்தாலும் பரவாயில்லை. அடித்துக் கலக்கினால் மா இழுவைப்பட்டுக் கோது தடித்துப்போகும். முட்டை சேர்ப்பவர்கள் ஒரு முட்டையை விட்டு அதற்கேற்பத் தண்ணீரைக் குறைக்கலாம். ரோல்ஸுக்குக் கரைக்கும் பதத்தைவிடச் சற்றுத் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூள் ஒன்றரைக் கோப்பை. கடை ரஸ்க் தூள் மணல்போல நுண்ணியது, இடைவெளி இல்லாமல் மூடும், ஆகவே சீஸுக்கு உதவும். மிஞ்சிய பாணை வெயிலில் காயவைத்து கரகரப்பாக இடித்தது அச்சாறுக்கு நல்லது. மாரி காலத்தில் இரண்டுமே காற்றில் ஈரம் பிடித்து நமத்திருக்கும். வெறுந்தாச்சியில் மெல்லிய நெருப்பில் மூன்று நிமிடம் வறுத்து ஆறவிட்டுப் பாவியுங்கள்.

தோய்த்தல்

அச்சாறு வில்லைகளைத் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி, இருபது நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. காய்ந்த மாவில் புரட்டி, தட்டி, உடனேயே கரைசலில் தோய்த்துத் தூளில் அமுக்குங்கள். மா தடவிய காயை வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தால் மா பசையாகி வழுக்கிவிடும். வில்லைக்கு ஒரு சுற்று போதும்.

பனீருக்கும் ஒரு சுற்றுத்தான். உருகும் சீஸுக்கு இரண்டு: மா, கரைசல், தூள், மறுபடி கரைசல், தூள். நுனிகளைக் கவனியுங்கள். சீஸ் ஒழுகுவது பெரும்பாலும் துண்டின் இரண்டு முனையிலும் மூலைகளிலும்தான், நடுவில் அல்ல. ஒரு கை ஈரத்துக்கு, மறு கை தூளுக்கு என்று பிரித்துக்கொண்டால் விரல் முழுக்க மா அப்பாது.

தோய்த்த உருகும் சீஸைத் தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கிப் பிரீசரில் குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள். கல்லுப்போல இறுகியிருக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அடுப்படி வெக்கையில் ஐந்து நிமிடத்திலேயே இளகத் தொடங்கும். அதனால் எண்ணெய் காய்ந்த பிறகே வெளியே எடுங்கள், அதுவும் நான்கு நான்காக.

பொரித்தல்

சின்ன, ஆழமான தாச்சியில் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு எண்ணெய் விடுங்கள். வேண்டிய சூடு 180 பாகை செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால் சிறு பாண் துண்டைப் போட்டுப் பாருங்கள். போட்டவுடன் நுரைத்து மேலே வந்து, ஒரு நிமிடத்துக்குள் பொன்னிறமானால் சரி. அடியில் கிடந்து மெதுவாகக் குமிழி விட்டால் சூடு காணாது. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 பாகை அளவிலேயே புகையத் தொடங்கும், ஆகவே இந்த வேலைக்குச் சுத்திகரித்த தேங்காய் எண்ணெயோ மரக்கறி எண்ணெயோ எடுங்கள்.

முதலில் அச்சாறு, பிறகு சீஸ். சீஸ் கடைசிவரை பிரீசரில் இருக்கலாம். அதோடு ஒரு துண்டு ஒழுகினாலும் எண்ணெய் கெடுவது வேலை முடியும் நேரத்தில்தான். வில்லைகளை ஆறேழாகப் போட்டு இரண்டு நிமிடம், ஒருமுறை திருப்பி எடுங்கள். வெடித்துத் தெறித்தால் காயில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அடுப்பைக் குறைத்துச் சற்று விலகி நில்லுங்கள், தண்ணீர்க் கையோடு கிட்டப் போக வேண்டாம்.

உருகும் சீஸ் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம்வரை, அவ்வளவுதான். முதல் முப்பது செக்கன் கரண்டியால் தொடாதீர்கள், கோது இறுக வேண்டும். ஓரத்தில் வெள்ளைக் குமிழி எட்டிப் பார்த்தால் அந்தத் துண்டை உடனே எடுத்துவிடுங்கள். பனீருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் தேவைப்படும். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் எண்ணெய் மீண்டும் சூடேற ஒரு நிமிடம் விட்டு, உதிர்ந்த தூளை வடித்து எடுங்கள். கருகிய தூள் அடுத்த துண்டில் ஒட்டிக் கசக்கும்.

வடிப்பதற்குக் கம்பித் தட்டு நல்லது. கடதாசியில் குவித்தால் கீழ்ப்பக்கம் ஆவியில் நமக்கும். மை ஒட்டும் என்பதால் செய்தித்தாள் வேண்டாம்.

எங்கே பிழைத்தது?

வெளியே சிவந்து உள்ளே சீஸ் இளகவில்லையென்றால் எண்ணெய் சூடு கூட, அல்லது துண்டு தடிப்பு. கோது எண்ணெய் குடித்துக் கனத்திருந்தால் சூடு குறைவு. ஒரே தடவையில் அதிகம் போட்டதும் காரணமாக இருக்கலாம். சீஸ் வெடித்து வெளியே வந்தால் பிரீசரில் போதிய நேரம் இருக்கவில்லை, இல்லாவிட்டால் நுனி மூடப்படவில்லை. பனீர் உதிர்ந்தால் பாரம் காணாது. அச்சாறில் கோது கழன்றால் வேறெதையும் தேட வேண்டாம், ஈரம்தான்.

தொட்டுக்கொள்ள

தக்காளி சோஸ் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் சட்டித் தயிர் கிடைக்கும் ஊரில் அதோடு நிறுத்துவது வீண். எருமைத் தயிர் ஒரு கோப்பையைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, அச்சாறு வினாகிரி 2 தேக்கரண்டி, இடித்த செத்தல் மிளகாய் அரைத் தேக்கரண்டி, பொடியாக அரிந்த அச்சாறு 1 மேசைக்கரண்டி சேர்த்துக் கலக்குங்கள். உப்பை ருசி பார்த்த பிறகே போடுங்கள்.

நோன்பு துறக்கும் நேரத்துக்கோ விருந்தாட்களுக்கோ முன்கூட்டிச் செய்வதானால், தோய்த்த சீஸைப் பிரீசரில் இறுக வைத்துப் பிறகு பையில் போட்டுக் கட்டினால் ஒரு மாதம் இருக்கும். மின்சாரம் நெடுநேரம் நின்று துண்டுகள் இளகிவிட்டால் திரும்ப இறுக வைக்காமல் அன்றே பொரித்துவிடுங்கள். தோய்த்த அச்சாறை அப்படி வைக்க முடியாது, அரை மணி நேரத்தில் தூள் ஊறிவிடும். மிஞ்சிய எண்ணெய் ஆறியதும் துணியில் வடித்து, இன்னுமொரு தடவை பொரிக்கவோ கறி தாளிக்கவோ பாவியுங்கள். சீஸ் ஒழுகிய எண்ணெயானால் சீக்கிரம் நாறும், வைத்திருக்காதீர்கள்.