பிள்ளைக்கு டி.எல்.ஏ. விண்ணப்பம்: படிவத்தில் எதை எழுதுவது?

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருப்பவர்களுக்கானது இது. ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் போன்றவற்றால் பிள்ளைக்குக் கூடுதல் கவனிப்பு தேவைப்பட்டால், 16 வயதுக்குள் ‘டிஸெபிலிட்டி லிவிங் அலவன்ஸ்’ என்ற அரசு உதவித்தொகை கேட்கலாம். சுருக்கமாக டி.எல்.ஏ. உங்கள் வருமானத்தையோ சேமிப்பையோ பார்க்க மாட்டார்கள். 2025-26 கணக்கில் வாரம் 29.20 பவுண்டிலிருந்து 187.45 பவுண்டுவரை கிடைத்தது. ஸ்காட்லாந்தில் ‘சைல்ட் டிஸெபிலிட்டி பேமெண்ட்’ என்று வேறு திட்டம்.

முதலில் விசாவைப் பாருங்கள். ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு உதவித்தொகை பெறத் தடை) என்று இருந்தால், எதையும் அனுப்பும் முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பில் கேட்டுவிடுங்கள்.

சரி, படிவம். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் ஃபோனில் கேட்டு வாங்குவதே லாபம். ஆறு வாரத்துக்குள் நிரப்பி அனுப்பினால், ஃபோன் செய்த நாளிலிருந்தே பணம் கணக்காகும்.

டாக்டர் இன்னும் நோயின் பெயரைச் சொல்லவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். சிரமம் மூன்று மாதமாக இருக்க வேண்டும், இன்னும் ஆறு மாதமாவது தொடரும் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

எழுத உட்காரும் முன் ஒரு வாரம் நோட்டில் குறித்துவையுங்கள்: எப்போது, என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம். நாம் சறுக்குவது இங்கேதான். யார் கேட்டாலும் “பிள்ளை நல்லாத்தான் இருக்கிறான்” என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். கண்ணூறு பயம் வேறு! அந்தப் பேச்சு படிவத்துக்குள் வரக் கூடாது. ‘சாப்பிட உதவி தேவை’ என்று எழுதினால், நாலு வயதில் எந்தப் பிள்ளைக்குத்தான் தேவையில்லை என்று தோன்றும். ‘வெறும் இட்லி தவிர எதையும் வாயில் வைப்பதில்லை, ஒரு வேளைக்கு 50 நிமிடம், பக்கத்தில் இல்லாவிட்டால் வாயில் அடக்கிவைத்துப் புரையேறும், வாரத்தில் மூன்று நாள் வாந்தி’ என்று எழுதுங்கள். அதே வயதுப் பிள்ளையைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

இரவுப் பகுதியை வெறுமனே விடாதீர்கள். எத்தனை முறை எழுந்தீர்கள், எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். பகலிலும் இரவிலும் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைக்குத்தான் பராமரிப்புத் தொகையில் உச்ச விகிதம். நடமாட்டத்துக்கான தொகை தனி: கூடுதல் விகிதம் 3 வயதிலிருந்து, குறைந்த விகிதம் 5 வயதிலிருந்து.

நர்சரி, பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவமனை தந்த கடிதங்களின் நகல்களை இணையுங்கள். நிரப்பிய படிவத்தையும் முழுக்க நகலெடுங்கள். மறுத்துவிட்டால், கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்; அதிலும் சரிவராவிட்டால் ட்ரிப்யூனல் எனும் தீர்ப்பாயம். அப்போது அந்த நகல்தான் கைகொடுக்கும்.

பராமரிப்பில் நடு விகிதமோ உச்ச விகிதமோ கிடைத்து, வாரம் 35 மணி நேரமாவது பிள்ளையைக் கவனிக்கிறீர்கள் என்றால், அப்புறம் கவனித்துக்கொள்பவருக்கான உதவித்தொகையான கேரர்ஸ் அலவன்ஸுக்கும் போடுங்கள். அதற்கு மட்டும் உங்கள் சம்பளத்தைப் பார்ப்பார்கள்.