பழைய பாய்மரப் படகில் முதல் நெடும்பயணம்: லுமுட்டிலிருந்து லங்காவி வரை திட்டமிடும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களே இருந்தாலும், லுமுட்டின் கடல் காரில் அரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் படகுத்துறைகளில், வெளிநாட்டு மாலுமிகள் விற்றுச்சென்ற முப்பது, நாற்பது வயதான பாய்மரப் படகுகளை ஓரளவு நியாயமான விலைக்கு வாங்கலாம். அப்படி ஒன்றை வாங்கிவிட்டுக் கரையோரமாக வடக்கே செல்ல நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக லுமுட்டிலிருந்து பினாங்கு வழியாக லங்காவி செல்லும் பாதையை வைத்துக்கொள்வோம். லுமுட்டிலிருந்து பினாங்கின் தென்முனைக்கு ஏறத்தாழ 65 கடல்மைல். அங்கிருந்து லங்காவியின் குவா நகருக்கும் கிட்டத்தட்ட அதே தொலைவு.

பலர் முதலில் வரைபடத்தை விரித்துக் கோடு போடுகிறார்கள். என் கருத்தில் கோடு கடைசி வேலை. உங்கள் படகு மணிக்கு எத்தனை மைல் ஓடும், எத்தனை லிட்டர் டீசல் குடிக்கும், எவ்வளவு ஆழத்தில் தரை தட்டும் என்பவற்றை அறியாமல் போடும் கோடு, வேறு யாருடைய படகுக்கோ போட்ட கோடாகவே இருக்கும்.

முதல் படி: படகை விற்றவரின் சொல்லை ஒதுக்கிவிட்டுச் சோதியுங்கள்

படகை நீரிலிருந்து கரையேற்றிப் பார்ப்பதே முறை. நீர்மட்டத்திற்குக் கீழே உள்ள ஒவ்வொரு துளைக்கும் ஒரு வால்வு இருக்கும். அது திறந்து மூடுகிறதா என்று கையால் திருப்பிப் பாருங்கள். பித்தளை வால்வைச் சுரண்டும்போது மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால், உலோகத்திலிருந்த துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட்டது என்று பொருள். அத்தகைய வால்வு ஒரு நாள் கையோடு உடைந்து வந்துவிடும். ஆகவே அதை மாற்றியே ஆகவேண்டும். ஒவ்வொரு வால்வின் அருகிலும் அதன் அளவுக்கேற்ற கூம்பு வடிவ மர அடைப்பானைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள்.

அடுத்து, பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்கள். இவை பெரும்பாலும் கீழ்முனையில், உப்புநீர் தேங்கி நிற்கும் பிடிப்பின் வாயிலில்தான் முதலில் அறும். கொஞ்சம் பஞ்சை எடுத்து வடத்தின் மேல் தேய்த்துக்கொண்டே போனால், அறுந்த இழை எங்கிருந்தாலும் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வடங்களின் வயது 10 முதல் 15 ஆண்டுகளைத் தாண்டியிருந்தாலோ, வயதைச் சொல்ல யாரும் இல்லாவிட்டாலோ, கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. பாய்களைப் பொறுத்தவரை துணியைவிடத் தையலே முதலில் கெடும். நம் வெயில் நூலைத்தான் முதலில் அரிக்கிறது. தையலை நகத்தால் கீறிப் பாருங்கள்; நூல் பொடிந்தால் தையற்காரரிடம் கொடுத்து மறுதையல் போடச் சொல்லுங்கள்.

எஞ்சினுக்கு மற்ற எதையும்விட அதிக நேரம் ஒதுக்கவேண்டும். ஏனெனில் மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் மெல்லியது. பாய்மரப் படகு என்று பெயர் இருந்தாலும் பாதி வழியை எஞ்சினில்தான் கடப்பீர்கள். பழைய படகுகளில் எஞ்சினைவிட டீசல் தொட்டியே பெரும்பாலும் தொல்லை தருகிறது. ஈரமான காற்று தொட்டிக்குள் குளிர்ந்து நீராகி அடியில் தங்குகிறது. அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கசடாகின்றன. துறையில் நிற்கும்வரை கசடு அடியிலேயே கிடக்கும். முதல் அலை தூக்கிப் போடும்போது அது கலங்கி, வடிகட்டியை அடைத்து, எஞ்சின் நின்றுவிடும். ஆகவே தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டி அளவு டீசலை எடுத்து ஓர் இரவு அப்படியே வையுங்கள். காலையில் அடியில் நீரோ கறுப்புப் படிவமோ தெரிந்தால், தொட்டியை முழுவதும் காலி செய்து கழுவாமல் புறப்படவேண்டாம். கழுவிய பின்னும் மாற்று வடிகட்டிகள் நான்கைந்தாவது கையிருப்பில் இருக்கட்டும். வடிகட்டியை மாற்றிய பிறகு எரிபொருள் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையை, துறையில் கட்டியிருக்கும்போதே பலமுறை செய்து பழகுங்கள். தோட்டத்து டிராக்டர்களில் இந்த வேலையைச் செய்து கைபழகிய மெக்கானிக்குகள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச்சென்றால், நூல்களைப் படித்துக் கற்பதைவிட விரைவாகக் கற்கலாம். கடல்நீரை உறிஞ்சும் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் இதழ்ச்சக்கரம்) ரப்பரால் ஆனது. அதன் இதழ்களில் விரிசல் உண்டா என்று பார்த்து, மாற்றுக்கு ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல்துறை இலாகாவில் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையையும் இதே நாள்களில் தொடங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் படகின் எண்களைக் கண்டுபிடியுங்கள்

லுமுட்டுக்கு எதிரே உள்ள பங்கோர் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது இதற்குப் போதும். தொட்டியை விளிம்புவரை நிரப்பிப் புறப்பட்டு, நிதானமான ஒரே வேகத்தில் சில மணி நேரம் எஞ்சினை ஓட்டித் திரும்பி, மீண்டும் விளிம்புவரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்தால், ஒரு மணி நேரச் செலவு கிடைத்துவிடும். ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தில் நீரோட்டமும் கலந்திருக்கும். எனவே ஒரே கோட்டில் போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுங்கள்.

முப்பது அடி நீளமுள்ள ஒரு பழைய படகு 4.5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் ஓடி, மணிக்கு 2.5 லிட்டர் டீசல் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 130 கடல்மைலுக்கு ஏறத்தாழ 29 மணி நேரம் ஆகும். முழுவதும் எஞ்சினிலேயே ஓடினால் 72 லிட்டர் செலவாகும். அதனுடன் பாதியைக் கூட்டி, 108 லிட்டரைக் கையிருப்பாகக் கொள்வது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. தொட்டி சிறிதாக இருந்தால் மீதியைக் கேன்களில் ஏற்றலாம், அல்லது பினாங்கில் நிரப்பிக்கொள்ளலாம்.

இதே பயணத்தில் நங்கூரத்தையும் சோதித்துவிடுங்கள். நீரின் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலியை விட்டு, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினாலும் படகு நகராமல் நிற்கவேண்டும்.

மூன்றாம் படி: பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் பயணத்திற்கு டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலமே பொருத்தமானது. வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைப் புரட்டியெடுக்கும் அந்த மாதங்களில், தித்திவங்சா மலைத்தொடர் மேற்குக் கரைக்கு அரணாக நிற்கிறது. விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி நல்ல காற்று வீசும். நண்பகலில் அது ஓயும். பிற்பகலில் கடற்காற்று எழும். விடியற்காலைக் காற்று வலப்பக்கத்திலிருந்து வருவதால் வடக்கே செல்பவருக்கு அது பயன்படும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ என்று அழைக்கப்படும் புயல்வரிசைகள் வரும். சுமத்ராவின் பக்கமிருந்து இரவில் திரண்டு நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ நம் கரையைத் தாக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்றும் கண்ணை மறைக்கும் மழையும் ஒன்றிரண்டு மணி நேரம் நீடிக்கும். அனுபவமுள்ளவர்கள் பாயைச் சுருக்கிக்கொண்டு சமாளிப்பார்கள். படகும் புதிது, மாலுமியும் புதிது என்றால் அந்தப் பருவத்தைத் தவிர்ப்பதே நல்லது. எந்த மாதமானாலும் வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா வெளியிடும் கடல் வானிலை அறிக்கையைப் புறப்படும் முன்னிரவில் பார்த்தே ஆகவேண்டும்.

நான்காம் படி: நாளும் நேரமும்

மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதியில், நீர் ஏறும்போது ஓட்டம் பொதுவாகத் தென்கிழக்கே போகும். வற்றும்போது வடமேற்கே போகும். ஆகவே லங்காவிக்குச் செல்பவருக்கு வற்றும் நீரே துணை. ஓட்டம் ஒரு நாட் என்று கொண்டால், 14 மணி நேரப் பயணத்தை நீர் முழுவதும் ஏறியிருக்கும் நேரத்தில் தொடங்குபவருக்கு முதல் ஆறு மணி நேரம் உதவியும், அடுத்த ஆறு மணி நேரம் எதிர்ப்பும், கடைசி இரண்டு மணி நேரம் மீண்டும் உதவியும் கிடைக்கும். மொத்தத்தில் இரண்டு மைல் ஆதாயம். நீர் முழுவதும் வற்றியிருக்கும்போது தொடங்குபவருக்கு அதே இரண்டு மைல் நட்டம். இருவருக்கும் இடையே நான்கு மைல், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேர வேறுபாடு. ஓட்டம் திரும்பும் நேரம் கரையில் நீர்மட்டம் திரும்பும் நேரத்தோடு எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் ஓட்டமும் மிகும். பௌர்ணமியை ஒட்டி வரும் தைப்பூசமும் அத்தகைய நாளே. இடைப்பட்ட அஷ்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் ஓட்டம் வெகுவாகத் தணியும். வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே இதைச் சொல்லிவிடும். அஷ்டமியில் பயணமா என்று பாட்டி கேட்பார். கடலைப் பொறுத்தவரை புதியவர்களுக்கு அதுவே மென்மையான நாள், எந்த மணிக்குக் கிளம்பினாலும் இழப்பு குறைவு. மணிக்கணக்கான விவரத்திற்குத் தேசிய நீரியல் வரைவு மையத்தின் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள்.

நம் அட்சரேகையில் பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். 65 கடல்மைலை 4.5 நாட்டில் கடக்க 14 மணி நேரத்திற்கு மேல் ஆகும். எங்கேயோ ஓரிடத்தில் இருட்டைச் சந்தித்தே தீரவேண்டும் என்றால், பழகிய நீரில் அதைச் சந்தியுங்கள். அதிகாலை 3:30 மணிக்கு லுமுட்டை விட்டால், மாலை 6 மணியளவில் பினாங்கின் தென்முனையை வெளிச்சத்திலேயே அடையலாம். இரவு முழுவதும் ஓடி விடியலில் சேரலாம் என்பவர்களும் உண்டு. விளக்கில்லாத சிறு மீன்பிடிப் படகுகள், மிதக்கும் வலைகள், நீண்ட கயிற்றில் பார்ஜை (தட்டையான சரக்குப் படகை) இழுத்துச் செல்லும் இழுவைப் படகுகள் ஆகியவற்றுக்கிடையே முதல் பயணத்திலேயே இரவு முழுவதையும் கழிப்பதை நான் ஏற்கமாட்டேன். இணையாகச் செல்லும் இரண்டு இழுவலைப் படகுகளைக் கண்டால், அவற்றின் நடுவே எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். இரண்டுக்கும் இடையே வலை இருக்கும்.

ஐந்தாம் படி: இப்போது கோடு போடுங்கள்

கோட்டின் மேல் ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திற்கும் நீங்கள் இருக்கவேண்டிய இடத்தைக் குறியுங்கள். பிறகு ஒரு முடிவு நேரத்தை, அதாவது தொடர்வதா ஒதுங்குவதா என்று தீர்மானிக்கும் நேரத்தை, எழுதுங்கள். நண்பகல் 12 மணிக்கு 32 மைலைக் கடந்திருக்காவிட்டால் பொழுது சாயும்முன் பினாங்கை அடைய முடியாது. அப்போது என்ன செய்வது என்பதை வீட்டு மேசையிலேயே தீர்மானித்துவிடவேண்டும். களைத்துப்போன பிறகு நடுக்கடலில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் நம் ஆசைக்கு இணங்கியதாகவே இருக்கும்.

இந்தக் கரையில் ஒதுங்குவதற்கு ஆழமான துறைமுகங்கள் குறைவு. கோல செபெத்தாங், கோல குராவ் போன்ற ஆற்றுவாய்களின் முன்னே சேற்றுத் திட்டுகள் பரந்து கிடக்கின்றன. ஆழமான அடிக்கட்டையுள்ள படகு வழிகாட்டி இல்லாமல் அங்கே நுழையக்கூடாது. ஆனால் அந்தச் சேறே நமக்கு உதவியாகவும் இருக்கிறது. காற்று அமைதியாக இருக்கும் இரவில், மாத்தாங் சதுப்புக்காட்டுக் கரைக்கு வெளியே ஆறேழு மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டு, வெள்ளை விளக்கேற்றி விடியும்வரை காத்திருக்கலாம். வரைபடத்தில் காணும் ஆழம் மிகக் குறைந்த நீர்மட்டத்தைக் கொண்டு அளந்தது. அந்த எண்ணிலிருந்து உங்கள் படகு நீரில் அமிழும் அளவைக் கழித்து, அதற்கு மேலும் ஒரு மீட்டராவது மிஞ்சும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

பினாங்குக்கு அப்பால் குறிகள் எளிது. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, புகைமூட்டம் இல்லாத நாளில் வெகுதொலைவிலிருந்தே வலப்பக்கம் தெரியும். கடாரத்தை நாடி வந்த பழங்கால மரக்கலங்களுக்கும் இந்த மலையே குறியாக இருந்தது. வழியில் மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் பாயார் தீவு வரும். அது கடல் பூங்கா. பவளப்பாறைகள் இருப்பதால் அங்கே நங்கூரம் போடக்கூடாது.

ஆறாம் படி: கரையில் ஒருவர்

படகின் பெயர், நிறம், ஆள்களின் பெயர்கள், புறப்படும் நேரம், சேரும் நேரம், ஒதுங்கும் இடங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் 999-ஐ அழைக்கவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். அந்த எண் கடல்சார் அமலாக்க நிறுவனத்திற்கும் இணைப்புத் தரும். படகில் வி.எச்.எஃப். ரேடியோவை 16-ஆம் அலைவரிசையில் திறந்தே வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிநீர் போதும். சமையலை நம்பாமல், கட்டிய நாசி லெமாவும் பிஸ்கட்டும் இஞ்சி மிட்டாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கை அடைந்த மறுநாளே லங்காவிக்குக் கிளம்பவேண்டாம். முதல் கட்டத்தில் உண்மையில் ஓடிய வேகத்தையும் செலவான டீசலையும் பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வடிகட்டியைக் கழற்றி எவ்வளவு கசடு சேர்ந்திருக்கிறது என்றும், சுழல்தண்டு வெளியேறும் இடத்தில் நீர்க்கசிவு கூடியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். 4.5 நாட் என்று எழுதியது 4 நாட்டாக ஓடியிருந்தால், இரண்டாம் கட்டத்திற்கு 16 மணி நேரத்திற்கு மேல் ஆகும். புறப்படும் நேரத்தையும் முடிவு நேரத்தையும் அந்தப் புதிய எண்ணைக் கொண்டு மறுபடியும் கணக்கிட்டு எழுதுங்கள்.