அக்குவாரியாவில் சுறாவைத் தேடி ஓடாதீர்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலாலம்பூரில் பிள்ளைகள் கேட்கும் இடங்களில் அக்குவாரியா கேஎல்சிசி கட்டாயம் இருக்கும். மாநாட்டு மையத்துக்கு அடியில் 2005இல் திறந்த இடம். நுழைந்ததும் பெரும்பாலானோர் கேட்பது ஒன்றுதான்: "சுறா எங்கே?" 90 மீட்டர் சுரங்கப்பாதைக்கு ஒரே ஓட்டம். அதுதான் முதல் தவறு.

அந்த இடத்தை அமைத்ததே ஒரு கதையாகத்தான். மலையில் பிறக்கும் தண்ணீர் ஆறாகி, மழைக்காட்டைக் கடந்து, அலையாத்திக் காட்டில் உப்பு கலந்து, பவளப்பாறை தாண்டி ஆழ்கடலில் சேர்கிறது. சுரங்கப்பாதை அதன் கடைசிப் பக்கம். நேராக அங்கே போனால் நம் நாட்டுத் தண்ணீரின் கதையில் பாதி போய்விடும்.

சும்பிட் மீன் கண்ணில் பட்டால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். ஒராங் அஸ்லி மக்கள் வேட்டைக்கு ஊதும் குழலுக்கு சும்பிட் என்று பெயர். அதைத்தான் இந்த மீனுக்கும் வைத்திருக்கிறார்கள். நீர்மட்டத்துக்கு வந்து, இலையில் உட்கார்ந்த பூச்சியைக் குறிபார்த்து, வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி வீழ்த்தும். சேற்றில் துடுப்பை ஊன்றித் தத்திப் போகும் பெலாச்சாக் மீனையும் அப்படியே நின்று பாருங்கள்: தோல் ஈரமாக இருக்கும்வரை தண்ணீருக்கு வெளியிலும் மூச்சு விடும். கோலசிலாங்கூர் பக்கம் போனால் இதைச் சேற்றிலேயே பார்க்கலாம். இங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் பார்த்துப் பழகிய பிள்ளை, அங்கே தானாகவே கண்டுபிடிக்கும்.

அடுத்தது, தொட்டுப் பார்க்கும் தொட்டி. போன முறை என் அக்கா மகன் அங்கே கையை விட்டதும் முதலில் பிடித்தது குதிரைலாட நண்டு எனப்படும் பெலங்காஸின் வாலை. ஊசிபோல நீண்டிருக்கிறதே, தூக்க வசதி என்று நினைத்துவிட்டான். நான் கையைத் தட்டிவிட வேண்டியிருந்தது. அந்த வால் கொட்டாது, குத்தாது. அலை புரட்டிப்போட்டால் அதை ஊன்றித்தான் பெலங்காஸ் மறுபடி நிமிரும். வாலைப் பிடித்துத் தூக்கினால் அது இணையும் இடத்தில் காயம்படும், அப்புறம் நிமிர முடியாமல் போகலாம். முதுகு ஓட்டை ஒரு விரலால் மெதுவாகத் தொட்டால் போதும். தொடுவதற்கு முன் சானிடைசர், லோஷன் எல்லாம் போகக் கையைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

பெலங்காஸை நண்டு என்று சொல்லிக் கடந்து போகவும் வேண்டாம். அது சிலந்தி, தேளுக்குத்தான் சொந்தம். டைனோசர்களுக்கு முன்பிருந்தே இருக்கும் இனம். உலகில் மிஞ்சியிருக்கும் 4 வகைகளில் 3 மலேசியாவில் உண்டு. செம்பு கலந்திருப்பதால் அதன் ரத்தம் நீலம். நமக்குப் போடும் ஊசிமருந்தில் கிருமிநஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க அந்த ரத்தத்தைத்தான் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளையிடம் சொல்ல இவ்வளவு இருக்கிறது!

கண்ணாடியைத் தட்டாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். பெரும்பாலான மீன்களுக்குக் கண்ணை மூட இமையே கிடையாது. படத்திலும் வெள்ளைப் புள்ளிதான் விழும்.

சரி, சுறாவுக்கு வருவோம். "கடிச்சிடும், பாரு" என்று பிள்ளையைப் பயமுறுத்துவது பெரிய தவறு. பல்லெல்லாம் வெளியே தெரிய நீந்தும் மணற்புலிச் சுறா சாதுவானது. ஒரு முறைக்கு இரண்டே குட்டிதான் போடும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனம் துடுப்பு சூப்புக்கும் வலைக்கும் தாங்காது. யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதைப் பிள்ளைக்குச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.

ஆமையைப் பார்க்கும்போது ரந்தாவ் அபாங்கையும் சொல்லுங்கள். நட்சத்திரப் பழம்போல முதுகில் வரிவரியாக இருக்கும் பெலிம்பிங் ஆமை, 1950களில் அந்தத் திரெங்கானு கடற்கரையில் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் வைத்தது. இன்று அது வருவதே அபூர்வம். முட்டையை அள்ளியதும் மீன்வலையும் முக்கியக் காரணங்கள். யாராவது ஆமை முட்டை கொடுத்தால் வாங்காதீர்கள். பினாங்குக்குப் போனால் தேசியப் பூங்காவின் பந்தாய் கெராச்சுட் ஆமைக் காப்பகத்தையும் காட்டுங்கள்.

மைகார்டையும் பிள்ளைகளின் மைகிட்டையும் மறந்துவிட்டால் உள்ளூர் விலை கிடைக்காமல் போகலாம். கூட்டம் வேண்டாம் என்றால் வார நாள் காலையில் போங்கள்.

கடைசித் தவறு நடப்பது வீட்டில். மீனைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை மீன் கேட்கும், வாங்கிக் கொடுப்போம். தொட்டிப் பாசியைத் தின்ன ஒரு பண்டாராயா மீனும் சேரும். விரல் நீளத்தில் வாங்கியது முழங்கை நீளம் வளர்ந்ததும், "பாவம், ஆற்றில் விட்டுடலாம்" என்று கிளம்புவோம். அது தென் அமெரிக்க மீன். நம் ஆற்றங்கரையில் குழி பறித்துக் கரையைச் சரித்து, இங்குள்ள மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. லங்காட் ஆற்றில் அதை மூட்டை மூட்டையாகப் பிடித்து அகற்றுகிறார்கள். வளர்க்க முடியவில்லையா? வாங்கிய கடையில் கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஆற்றில் மட்டும் விடாதீர்கள்.