எல், ஒய் சேரும் இடம்: ஆங்கில வினையடைகளைப் பிழையின்றி எழுதுவது எப்படி

ஆங்கிலத்தில் ஒரு பெயரடையை (அட்ஜெக்டிவ்) வினையடையாக்குவதற்குப் (அட்வெர்ப்) பெரும்பாலும் எல், ஒய் என்னும் இரண்டு எழுத்துகளாலான விகுதியே போதுமானது. அந்த விகுதியை யாரும் தவறாக எழுதுவதில்லை. அது வந்து ஒட்டும் இடத்தில்தான் ஓர் எழுத்து கூடுகிறது அல்லது குறைகிறது. ஆகவே வினையடையை முழுச்சொல்லாகக் காதால் கேட்டு எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, முதலில் பெயரடையை முழுமையாக எழுதி, அதன் இறுதி எழுத்துகளைப் பார்த்து, அதன் பிறகு விகுதியைச் சேர்க்க வேண்டும். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது நிகழ்வனவாகத் தமிழ் இலக்கணத்தில் நாம் படித்த இயல்பு, தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் நான்கையும் இங்கே அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். கீழே ஆங்கிலச் சொற்களை ஒலிப்பின்படியும், எழுத்துகளை அவற்றின் பெயராலும் குறிக்கிறேன். ஒவ்வொரு சொல்லையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டே படிப்பது நல்லது.

பெரும்பான்மையான சொற்கள் இயல்பாகவே புணர்கின்றன. குயிக் என்பது குயிக்லி ஆகும்போது எதுவும் மாறுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயரடையின் இறுதியில் ஒலிக்காத இ நின்றால் பலருக்குத் தயக்கம் வருகிறது. அந்த இ போகாது. சின்சியர்லி, கம்ப்ளீட்லி, இமீடியட்லி, எக்ஸ்ட்ரீம்லி ஆகிய எல்லாவற்றிலும் எல் என்ற எழுத்துக்கு முன்னால் அது நின்றே தீர வேண்டும். கடிதத்தின் முடிவில் வரும் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்ற தொடரில் இந்த இ விடுபடுவது மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை. டெஃபினட்லி என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு: நடுவில் ஏ எழுதலாம் என்று காது சொல்லும். பெயரடைக்குள் ஃபைனைட் என்ற சொல் முழுதாக இருப்பதைக் கண்டுகொண்டால், அங்கே ஐ தான் வர வேண்டும் என்பதும் இறுதியில் இ உண்டு என்பதும் ஒருசேர விளங்கிவிடும்.

பெயரடை எல் என்ற எழுத்தில் முடிந்தாலும் இயல்புப் புணர்ச்சிதான். ஃபைனலி, யூஷுவலி, ரியலி, கேர்ஃபுலி, பியூட்டிஃபுலி ஆகியவற்றில் இரட்டை எல் வருவதற்குத் தனி விதி எதுவும் தேவையில்லை; ஒன்று பெயரடைக்குச் சொந்தமானது, மற்றொன்று விகுதிக்குச் சொந்தமானது. கேர்ஃபுல் என்ற பெயரடையில் ஓர் எல் மட்டுமே உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. முழுமை என்ற பொருளுடைய ஃபுல், மந்தம் என்ற பொருளுடைய டல் ஆகியவற்றில் முன்பே இரண்டு எல் இருப்பதால், மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் ஒய் மட்டும் சேர்த்து நிறுத்திக்கொள்கிறார்கள்.

கெடுதல் இரண்டு வகையாக நிகழும். ஜென்டில், சிம்பிள், பாசிபிள், ப்ராபபிள், டெரிபிள் போல, மெய்யெழுத்தை அடுத்து எல், இ என முடியும் சொற்களில் இறுதி இ கெட்டு, அந்த இடத்தில் ஒய் வந்துவிடுகிறது, எல் இரட்டிப்பதில்லை. அதே எல், இ ஆகியவற்றுக்கு முன் உயிரெழுத்து இருந்தால் இந்த விதி செல்லாது என்பதால், ஒரே என்ற பொருளுடைய சோல் என்ற பெயரடை தன் இறுதி இயை விடாமல் சோல்லி ஆகிறது. இரண்டாவது வகை, மனப்பாடம் செய்யவேண்டிய மூன்று விதிவிலக்குகள்: ட்ரூ, டியூ, ஹோல். உண்மை என்ற பொருளுடைய ட்ரூ, ட்ரூலி ஆகும்போதும், உரிய என்ற பொருளுடைய டியூ, டியூலி ஆகும்போதும் இறுதி இ மறைகிறது. முழு என்ற பொருளுடைய ஹோல், சோல் என்பதோடு எதுகைபோல் ஒலித்தாலும் அதன் வழியில் செல்லாமல், இயை இழந்து இரட்டை எல்லோடு நிற்கிறது. இந்த மூன்றையும் தனியே எழுதி வைத்துக்கொள்வதில் தவறில்லை. நுணுக்கமாக விளக்கம் தேடுவதைவிட அதுவே விரைவானது.

மெய்யெழுத்தை அடுத்து ஒய் என முடியும் பெயரடைகளில் அந்த ஒய், ஐ எனத் திரிகிறது: ஹேப்பிலி, ஈசிலி, ஆங்ரிலி. நீளமான சொற்களான டெம்பரரிலி, நெசசரிலி ஆகியவற்றிலும் இதே விதிதான். ஆனால் அங்கே பேச்சு ஓர் அசையை விழுங்கிவிடுவதால், எழுதுபவர் இடையில் உள்ள ஏ, ஆர் எழுத்துகளைச் சேர்த்தே விட்டுவிடுகிறார். ஓரசைச் சொற்களான ஷை, ஸ்லை, ஏளனம் கலந்த என்ற பொருளுடைய ரை ஆகியவை பொதுவாக ஒய்யை அப்படியே வைத்துக்கொள்கின்றன. ட்ரை, அதாவது உலர்ந்த என்ற சொல்லுக்கு இரண்டு வடிவங்களும் வழக்கில் உள்ளன.

தோன்றல்தான் அதிகம் ஏமாற்றுவது. பேசிக், ஆட்டோமேட்டிக், டிரமேட்டிக் போல ஐ, சி என முடியும் சொற்களுக்கும் விகுதிக்கும் இடையில் ஏ, எல் என்னும் இரண்டு எழுத்துகள் தோன்றும். நாம் பேசிக்லி என்றே உச்சரிக்கிறோம். இடையில் தோன்றிய எழுத்துகள் காதில் விழுவதில்லை. எனவே இங்கே செவியை நம்பினால் பிழை உறுதி. பொது என்ற பொருளுடைய பப்ளிக் மட்டும் இதற்கு விலக்காக, நேரடியாகவே எல், ஒய் ஏற்கிறது. ஆக்சிடென்டலி, இன்சிடென்டலி ஆகியவற்றில் ஏ, எல் விடுபடுவதற்குக் காரணம் வேறு. விகுதி சேர வேண்டியது ஆக்சிடென்ட் என்ற பெயர்ச்சொல்லோடு அல்ல, ஆக்சிடென்டல் என்ற பெயரடையோடு. பெயரடையை முதலில் எழுதும் பழக்கம் இத்தகைய இடத்தில்தான் உழைப்புக்குப் பலன் தரும்.

வைஸ், வர்ட் என்னும் பின்னொட்டுகளில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கிளாக்வைஸ், அதர்வைஸ், பேக்வர்ட் ஆகியவற்றை இடைவெளியோ இணைப்புக்கோடோ இன்றி ஒரே சொல்லாக எழுதினால் போதும்.

விகுதியைச் சேர்க்கவே கூடாத சொற்களும் சில உண்டு. ஃப்ரெண்ட்லி என்பது முன்பே எல், ஒய் என முடிந்தாலும் அது பெயரடைதான். அதை வினையோடு சேர்க்க, ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று தொடராகவே எழுதுகிறார்கள். ஃபாஸ்ட் என்பது எந்த மாற்றமும் இன்றி வினையடையாகவும் வரும். ஹார்ட், லேட் ஆகிய இரண்டும் அதே வகையைச் சேர்ந்தவை என்றாலும் இங்கு ஆபத்து அதிகம். அவற்றோடு எல், ஒய் சேர்த்தால் எழுத்துக்கூட்டல் சரியாகவே இருக்கும், பொருள்தான் மாறிவிடும்: ஹார்ட்லி என்றால் ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்கு, லேட்லி என்றால் அண்மைக்காலமாக. கடுமையாக உழைத்தார் என்று சொல்ல வந்தவர் ஹார்ட்லி என்று எழுதினால், அவர் உழைக்கவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். கணினியின் பிழைதிருத்தியும் அதன் கீழே சிவப்புக் கோடு போடாது.