பத்து வருடப் பழைய லப்டொப்பில் விண்டோஸ் 11 ஏற்றுவது எப்படி?

விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்தாறு வீடுகளில் பழைய லப்டொப் இருக்கிறது. அனேகமாக எல்லாம் சுவிசிலோ லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் சித்தப்பாமாரும் மாமிமாரும் பாவித்துவிட்டு, ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தந்தவை. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11 ஏற்றுவோம் என்று போனால் "இந்தக் கணினி தகுதியற்றது" என்று திரை சொல்கிறது. கடைக்குப் போனால் புதிது வாங்கச் சொல்கிறார்கள். போன போகம் வெள்ளத்தில் அழிந்த வீட்டில் அந்தக் காசுக்கு எங்கே போவது?

பக்கத்து வீட்டு அக்காவின் மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய லப்டொப் 2014 இல் செய்யப்பட்டது. ஐ5, நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம். அதில் நான் செய்த வேலையை வரிசையாக எழுதுகிறேன். ஸ்க்ரூ கழற்றத் தெரிந்தால் போதும், முன் அனுபவம் தேவையில்லை.

முதலில் புரோசஸரைப் பாருங்கள்

செற்றிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட். அங்கே புரோசஸரின் பெயர் இருக்கும். "ஐ5-4210யூ" என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 4 தான் தலைமுறை. இன்டெல்லில் 2017 இல் வந்த எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும். அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்கிறது. இவை மைக்ரோசொஃப்ட் வைத்த வாசல் காவல். காவலைத் தாண்டினால் உள்ளே நான்காம் தலைமுறையும் ஒழுங்காக வேலை செய்யும்.

தாண்டவே முடியாத ஒன்றும் உண்டு. 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11, புரோசஸருக்குள் எஸ்எஸ்இ 4.2, பொப்கவுன்ட் என்ற கட்டளைகள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. கோர் 2 டுவோ என்ற இன்னும் பழைய இன்டெல் புரோசஸரில் அவை இல்லை. எந்த வித்தை செய்தாலும் பூட் ஆகாது. உங்களிடம் இருப்பது அதுவென்றால் நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அதே பக்கத்தில் சற்றுக் கீழே விண்டோஸ் ஹோமா புரோவா என்று எழுதியிருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். அக்டிவேஷன் பகுதியில் "அக்டிவ்" என்று இருந்தால் அந்த உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. அதே வகை விண்டோஸ் 11 ஏற்றினால் காசு கட்டாமல் தொடரும். அக்டிவ் இல்லையென்றால் கிராக் செய்த சீடியைத் தேடாதீர்கள். அதோடு கூட வருவது என்னவென்று யாருக்கும் தெரியாது.

படங்களையும் பாமினியையும் எடுத்து வையுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். 2009 இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த வீடுகள் வன்னியில் ஏராளம். பிறகு வெளிநாட்டுச் சொந்தங்களிடமிருந்து ஒன்றிரண்டாகச் சேர்த்த கலியாணப் படங்களும், இன்று இல்லாதவர்களின் முகங்களும் பல வீடுகளில் இப்படியொரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. ஒருமுறை நான் அவசரத்தில் தவறான பார்ட்டிஷனை அழித்து, ஓர் அம்மாவின் மகனுடைய படங்களில் பாதியை இழந்துவிட்டேன். மீட்கும் சொஃப்ட்வெயாரில் மீதிப் பாதிதான் வந்தது. அன்றிலிருந்து இரண்டு பிரதி இல்லாமல் எந்தக் கணினியிலும் கை வைப்பதில்லை. ஒன்று எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில், மற்றது வேறொரு வீட்டில்.

டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் கொப்பி பண்ணுங்கள். சீ டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் போல்டரையும் சேர்த்து எடுங்கள். எங்கள் பக்கத்தில் கடிதமும் வினாத்தாளும் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

காசு இருந்தால் எஸ்எஸ்டிக்கு

பழைய சுழலும் டிஸ்க்கில் விண்டோஸ் 11 ஏற்ற வேண்டாம். ஏறும், ஆனால் ஒரு பைல் திறக்கவே பொறுமை போய்விடும். அதற்குப் பதில் சுழலாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி வாங்குங்கள். 2.5 அங்குல சாட்டா வகை, 256 ஜிபி போதும். லப்டொப்பை நிறுத்தி, சார்ஜரையும் பற்றரியையும் கழற்றிய பின் அடி மூடியைத் திறந்து, பழையதை உருவி அதே இடத்தில் புதியதைச் செருகுங்கள். உள்ளே ஃபானில் செம்மண் புழுதி அப்பியிருக்கும். மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை அழிக்காமல் பொதிந்து வையுங்கள், அது மூன்றாவது பிரதி.

ராம் 4 ஜிபியில் ஓடும், 8 ஆக்கினால் மூச்சு விடும். நான்காம் தலைமுறை லப்டொப்புகள் அனேகமாகக் கேட்பது 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகை. பழைய ராமைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

பென்ட்ரைவ் தயாரித்தல்

நல்ல இணைப்புள்ள இன்னொரு கணினியில் மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்து விண்டோஸ் 11 முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ பைலை இறக்குங்கள். ஐந்து ஜிபிக்கு மேல் வரும். இரவு டேட்டா உள்ளவர்கள் இரவில் போட்டுவிடலாம். பிறகு ரூஃபஸ் என்ற சிறிய இலவச சொஃப்ட்வெயாரை அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள்.

8 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பென்ட்ரைவைச் செருகுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழியும். ரூஃபஸைத் திறந்து பென்ட்ரைவையும் ஐஎஸ்ஓவையும் தெரிவு செய்து, ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று இருப்பதை அப்படியே விட்டு ஸ்டார்ட் அழுத்துங்கள். உடனே ஒரு சிறிய பெட்டி வரும். நம்முடைய சாவி அதற்குள்தான். 4 ஜிபி ராம், செக்கியூர் பூட், டிபிஎம் 2.0 ஆகிய தேவைகளை நீக்கும் வரிக்குச் சரி போடுங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்குக் கட்டாயத்தை நீக்கும் வரிக்கும் போடுங்கள். ஓகே கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்து வரலாம்.

ஏற்றுதல்

பழைய பற்றரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. பாதியில் கரண்ட் போனால் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி மின்னலுக்கு முன்னர், காலையிலேயே தொடங்குங்கள்.

பென்ட்ரைவைச் செருகி லப்டொப்பைப் போட்டவுடன் பூட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, அசூஸ் என்றால் எஸ்கேப். வரும் பட்டியலில் பென்ட்ரைவைத் தெரிவு செய்யுங்கள். அது பட்டியலிலேயே இல்லையென்றால் ரூஃபஸில் எம்பிஆர் தெரிவு செய்து பென்ட்ரைவை மறுபடி தயாரியுங்கள்.

கீபோர்ட் கேட்கும் இடத்தில் நிதானம். அக்கா வீட்டு லப்டொப் சுவிசிலிருந்து வந்தது, அதில் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பிரான்சிலிருந்து வந்ததில் ஏயும் கியூவும் மாறும். பட்டனில் அச்சிட்டிருப்பதற்குப் பொருந்தும் கீபோர்டைத் தெரிவு செய்யாவிட்டால் பாஸ்வேர்ட் பிழைக்கும்.

அடுத்து, ப்ரொடக்ட் கீ இல்லை என்று சொல்லி, முன்பு குறித்துவைத்த ஹோமையோ புரோவையோ தெரிவு செய்யுங்கள். டிஸ்க் பட்டியல் வரும்போது அளவைப் பாருங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி ஏறக்குறைய 238 என்று காட்டும். நெக்ஸ்ட் கொடுங்கள். எஸ்எஸ்டியில் அரை மணித்தியாலம் அளவில் முடியும். பெயர் கேட்கும் கட்டம் முடியும்வரை இணையத்தை இணைக்காதீர்கள்.

வைஃபை தெரியாவிட்டால் பயப்படத் தேவையில்லை. போனைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் இணையம் வரும். விண்டோஸ் அப்டேட்டில் உள்ள விருப்ப அப்டேட்களில் டிரைவர்கள் கிடைக்கும். அவை இறங்கியதும், அந்த இணைப்பை மீற்றர்ட், அதாவது அளவான டேட்டா உள்ளது, என்று செற்றிங்ஸில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாத டேட்டா ஒரே நாளில் போய்விடும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தகுதியில்லாத கணினிகளுக்கு அப்டேட் தர மைக்ரோசொஃப்ட் பொறுப்பேற்கவில்லை. நான் ஏற்றியவற்றில் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்கிறது. வருடாந்தப் பதிப்பு தானாக வராவிட்டால் புதிய ஐஎஸ்ஓவோடு ரூஃபஸ் வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

கோர் 2 டுவோ வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ராமில் ஓடும், 4 இருந்தால் வசதி. 2029 வரை ஆதரவு உண்டு, உரிமக் கட்டணம் இல்லை. அதே ரூஃபஸால் பென்ட்ரைவ் தயாரித்து, டிஸ்க்கில் எதையும் தொடாமல் பென்ட்ரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் சத்தமும் வந்தால் ஏற்றுங்கள். தட்டச்சுக்கான ஐபஸ் எம்17என் தொகுதியைச் சேர்த்தால் ரெங்கநாதன் தமிழ் கீபோர்ட் அதிலேயே கிடைக்கும். எடுத்துவைத்த பாமினியை அங்கேயும் நிறுவலாம். பழைய வினாத்தாள்கள் லிப்ரே ஒஃபிஸில் திறக்கின்றன.